உயிர்காப்புப் படகைக் கூப்பிடும்போது செய்யும் தவறுகள்

பிரிட்டன் கடற்கரையில் யாருக்காவது ஆபத்து என்றால் ஆரஞ்சும் கருநீலமுமாக ஒரு படகு பாய்ந்து வரும். அது அரசுப் படகு, ஆட்கள் சம்பளத்துக்கு இரவு பகலாகத் துறைமுகத்தில் காத்திருக்கிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் படகு ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு அமைப்புடையது. 1824-ல் தொடங்கியது, பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக 238 நிலையங்கள். படகில் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தொண்டர்கள்: குழாய் வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியர், கடைக்காரர். இடுப்பில் ஒரு பேஜர் இருக்கும். அது கத்தினால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். பேஜருக்கு முந்தைய காலத்தில் வானில் வெடி விட்டு ஆள் சேர்த்தார்கள்.

2016 ஆகஸ்ட் 24 அன்று கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் லண்டனிலிருந்து போயிருந்த ஐந்து தமிழ் இளைஞர்கள் கடலில் மூழ்கி இறந்தார்கள். அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் கிடையாது. அடுத்த ஆண்டுதான் அவர்களை அங்கே பணியில் அமர்த்தினார்கள். ஆனால் எல்லாக் கரையிலும் எல்லா மாதமும் ஆள் நிற்பதில்லை. அப்போது கரையில் இருப்பவரின் கைபேசிதான் கதி.

அவசர உதவி எண்ணான 999 அடித்ததும் எந்தச் சேவை வேண்டும் என்று கேட்பார்கள். பதற்றத்தில் ‘போலீஸ்’ என்றுதான் வாயில் வரும். கடலிலோ கரையிலோ ஆபத்து என்றால் ‘கோஸ்ட்கார்டு’ என்று கேளுங்கள்; கடல் மீட்பை ஒருங்கிணைக்கும் அரசு அமைப்பு அது. போலீஸுக்குப் போனாலும் மாற்றிவிடுவார்கள். மாற்றுகிற நேரமும் நேரம்தானே. கோஸ்ட்கார்டு படகு நிலையத்தின் பொறுப்பாளரிடம் பேசும், அவர் சரி என்றதும் பேஜர்கள் ஒன்றாகக் கத்தும். பக்கத்துப் படகு நிலையத்தின் எண்ணைத் தேடி அடிப்பதில் பயனில்லை. அங்கே எடுக்க ஆள் இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்தது இடம். இதில்தான் அதிகம் சறுக்குகிறோம். ‘பீச்சில் நிற்கிறோம்’ என்றால் எந்த பீச், அதில் எந்த முனை? இப்போது ஆண்ட்ராய்டும் ஐபோனும் 999 அழைப்போடு இடத்தைத் தானாக அனுப்பிவிடுகின்றன. நல்ல வசதிதான், ஆனால் அது காட்டுவது நீங்கள் நிற்கும் இடத்தை. தண்ணீரில் இருப்பவரை நீரோட்டம் இழுத்துக்கொண்டே போகிறது. அவரைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள், அப்போது மணி என்ன, எந்தப் பக்கம் இழுபட்டார் என்று சொல்லுங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து அவர் எங்கே மிதந்து போயிருப்பார் என்று கோஸ்ட்கார்டின் கணினி கணக்குப் போடும். அந்தக் கணக்கு தொடங்குவதே உங்கள் பதிலில்தான். ஒருவர் போனில் பேசட்டும். இன்னொருவர் தண்ணீரில் இருப்பவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்கட்டும். அலைக்கு நடுவே ஒரு தலை என்பது தேங்காய் அளவுதான். ஒருமுறை கண்ணை எடுத்தால் மறுபடி பிடிப்பது கஷ்டம்.

பேசி முடித்ததும் நாம் என்ன செய்வோம்? மாமாவுக்கு அடிப்போம், அவர் அண்ணனுக்கு அடிப்பார், ஐந்து நிமிடத்தில் எல்லோரும் நமக்கு அடிப்பார்கள். கோஸ்ட்கார்டு திரும்பக் கூப்பிடும்போது லைன் பிஸி. குடும்பத்துக்குச் சொல்ல வேறொருவர் போனை எடுங்கள். 999 பேசிய போனைச் சும்மா விடுங்கள்.

மீன்பிடிக்கவோ கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டவோ கடலுக்குள் போகிறவர்களுக்குக் கைபேசி மட்டும் போதாது. கரையைவிட்டுத் தள்ளிப் போகப் போக சிக்னல் போய்விடும். அது கிடைத்தாலும் நீங்கள் பேசுவது ஒரே ஒருவருக்குத்தான் கேட்கும். படகுகளில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனலில், உயிராபத்து என்று அறிவிக்கும் ‘மேடே’ என்ற சொல்லை மூன்று முறை சொன்னால், கேட்கும் தொலைவில் உள்ள படகுகள் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். பக்கத்தில் போகும் மீன்பிடிப் படகு முதலில் வந்து சேரலாம். உயிர்காப்புப் படகில் உள்ள கருவி உங்கள் ரேடியோ அலை வரும் திசையையும் பிடித்துக்கொள்ளும். படகின் பெயர், இடம், எத்தனை பேர், என்ன ஆபத்து என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒன்று: கையடக்க ரேடியோ பெரும்பாலும் 5 வாட்தான், அலை நேர்கோட்டில் போகும். தண்ணீரோடு தண்ணீராக உட்கார்ந்து பேசினால் சில கடல் மைல்களுக்கு மேல் எட்டாது. ரேடியோவோ போனோ உடம்போடு கட்டியிருக்க வேண்டும். கயாக் கவிழ்ந்தால் பைக்குள் இருப்பது பையோடு போய்விடும்.

செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் செய்தி அனுப்பும் சிறு அபாயக் கருவியை வாங்கிவிட்டுப் பதிவு செய்யாமல் விடுகிறவர்களும் உண்டு. பதிவு இலவசம். பதிவிருந்தால் யாருடைய கருவி, வீட்டில் யாரிடம் விசாரிப்பது என்று உடனே தெரியும்.

கடைசியாக, தயக்கம். பில் வருமா, கேஸ் போடுவார்களா, சின்ன விஷயத்துக்குக் கூப்பிட்டு மானம் போகுமா? ஆர்.என்.எல்.ஐ. மீட்டதற்குக் காசு கேட்பதில்லை. நல்லெண்ணத்தில் கூப்பிட்டு ஒன்றுமில்லை என்றானாலும் கோபிப்பதில்லை. ஆனால் ஆள் தானே நீந்திக் கரை சேர்ந்துவிட்டால், வெட்கப்பட்டு நைசாகக் கிளம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். மறுபடி 999 அடித்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரையேறிப் போய்விட்ட ஆளை இருட்டில் மணிக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பார்கள். காலையில் அவர்களுக்கு வேலைக்கும் போக வேண்டும்.