டிராக்பேட் ஸ்க்ரோல் மக்கர் செய்கிறதா? டிரைவரில் கை வைக்கும் முன்

ஏதோ ஒரு மென்பொருளில் இரு விரல் ஸ்க்ரோல் சரியாக நகரவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது டச்பேட் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. பெரும்பாலும் இது வீண் வேலை. அதே நேரத்தில் பிரவுசரைத் திறந்து ஒரு நீளமான பக்கத்தை ஸ்க்ரோல் செய்து பாருங்கள். அங்கே ஒழுங்காக நகர்ந்தால் டிரைவர் மேல் சந்தேகப்பட அவசரமில்லை. சிக்கல் அநேகமாக அந்த மென்பொருளுக்குள்தான் இருக்கிறது.

"மவுஸில் நன்றாக ஓடுகிறதே, அப்படியானால் டிராக்பேட்தான் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. மவுஸ் சக்கரம் படிப்படியாகச் சுழலும். விண்டோஸில் ஒரு படிக்கு 120 என்ற அளவு போகிறது. டிராக்பேடோ அதைவிடச் சின்னச் சின்ன அளவுகளை வரிசையாக அனுப்பும். சக்கரத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிய மென்பொருள், வருகிற எண்ணை 120 ஆல் வகுத்து மீதியை உதறிவிட்டால், மெதுவாக விரலை நகர்த்தும்போது எதுவுமே நடக்காது. வேகமாக இழுத்தால் மட்டும் சட்டென்று தாவும். வருகிற ஒவ்வொன்றையும் ஒரு முழுப் படி என்று எண்ணிக்கொண்டால் நிலைமை தலைகீழ்: லேசாகத் தொட்டாலே பக்கம் பறந்துவிடும். ஜாவாவில் எழுதிய பழைய மென்பொருள்கள் சிலவற்றில் இந்தத் தொல்லை வரும். ஒரு படிக்கும் குறைவான பின்ன அளவுகளைப் படிக்கும் வசதி ஜாவா 7இல்தான் வந்தது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது முழுதாகத் தீராது. மென்பொருளின் புதிய பதிப்பைத்தான் தேட வேண்டும்.

லினக்ஸில் இன்னொரு குழப்பம் உண்டு. விரலை எடுத்த பிறகும் பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறதே, அதை மேக்கில் இயங்குதளமே கொடுக்கிறது. லினக்ஸில் டிராக்பேட், மவுஸ் போன்றவற்றின் அசைவுகளைப் படிக்கும் லிப்இன்புட் என்ற பகுதி அதைச் செய்வதில்லை. மென்பொருளோ, அதன் திரைத் தோற்றத்தை உருவாக்கப் பயன்படும் டூல்கிட்டோதான் செய்ய வேண்டும். அதனால் ஒரு மென்பொருளில் வழுக்கும், இன்னொன்றில் டக்கென்று நிற்கும். இது கோளாறு இல்லை. அந்த வழுக்கல் ஓயும் முன்பே கன்ட்ரோல் விசையை அழுத்தினால், சில மென்பொருள்கள் அதை ஜூம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. எழுத்து திடீரென்று பெரிதானால் இதைத்தான் முதலில் யோசியுங்கள்.

திசை மாறிப் போகிறதா? மேக்கில் 2011இல் வந்த லயன் பதிப்பிலிருந்தே விரல் போகும் பக்கமே உள்ளடக்கமும் போவதுதான் வழக்கமான அமைப்பு. அங்கே மவுஸுக்கும் டிராக்பேடுக்கும் தனித்தனி இடத்தில் இந்த செட்டிங் இருந்தாலும், ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறிவிடும். இது எரிச்சலூட்டும் வடிவமைப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், ஒரே மூச்சில் நான்கு செட்டிங்குகளை மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேறொரு கணினியிலோ, கணினிக்குள் கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்குள்ளோ சோதித்துவிட்டு முடிவெடுக்கவும் வேண்டாம். நடுவில் அந்த நுண்ணிய அளவுகள் முழுப் படிகளாக உருண்டுவிடலாம்.

கடைசியில் மென்பொருளை உருவாக்கியவர்களிடம் புகார் செய்வதாக இருந்தால், "ஸ்க்ரோல் ஆகவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இயங்குதளத்தின் பதிப்பு, லினக்ஸ் என்றால் திரையைக் கையாளும் அமைப்பு வேலண்ட் (Wayland) வகையா எக்ஸ்11 (X11) வகையா என்பது, மெதுவாக நகர்த்தும்போது என்ன ஆகிறது, வேகமாக நகர்த்தும்போது என்ன ஆகிறது, மவுஸில் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் எழுதுங்கள்.