இ-ரீடரின் விலையை மட்டும் பார்க்காதீர்கள்

மின்னூல் வாசிக்கும் இந்தக் கருவியின் விலை ஒருமுறைச் செலவு, புத்தகங்களின் விலைதான் வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். அதனால் முதலில் நீங்கள் அடுத்து வாசிக்க நினைக்கும் பத்துப் புத்தகங்களை எழுதி, ஒவ்வொரு கடையிலும் மொத்தம் எவ்வளவு வருகிறது என்று கூட்டிப் பாருங்கள். நூலக இரவல், குடன்பர்க் திட்டம் என்ற இணையதளத்தின் இலவச நூல்கள் எல்லாம் கிடைத்தால் அந்தத் தொகை பாதியாகக்கூட ஆகலாம்.

அப்புறம் கோப்பு வகை. கோபோ என்ற இ-ரீடர், பல மின்னூல்கள் வரும் ஈபப் வகைக் கோப்பை நேரடியாகத் திறக்கும். அமேசானின் இ-ரீடரான கிண்டிலில் அதே கோப்பைக் கேபிள் வழியாகப் போட்டால் திறக்காது, அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்பினால் மாற்றிக்கொள்ளும். காலிபர் என்ற இலவச மென்பொருளும் மாற்றித் தரும், ஆனால் நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு இருந்தால் அது கைவிரித்துவிடும். வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கிவைக்கும் வசதியைக் கிண்டில் கடை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. நாளைக்கு வேறு கருவிக்கு மாற நினைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

பிடிஎஃப்தான் அதிகம் வாசிப்பீர்களா? ஆறு அங்குலத் திரை வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளியே சலித்துவிடும்.