கையில் தூக்கிப் போகும் கேமிங் கம்ப்யூட்டர்: கேபினெட் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்போ வேலையோ சென்னையில், வீடு மன்னார்குடியில். மன்னை எக்ஸ்பிரஸில் ஏறும்போது கேமிங் கம்ப்யூட்டரும் கூடவே வரவேண்டும். லேப்டாப் வாங்கினால் சூடு, விலை, பிறகு எதையும் மாற்ற முடியாத தொல்லை. அதனால் சின்னதாக ஒரு கேபினெட்டை நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்கும் தம்பிகள் எங்கள் பக்கத்தில் பெருகிவிட்டார்கள். பாதி வேலை முடிந்த பெட்டியோடு வந்து “அண்ணே, இது ஏன் மூட மாட்டேங்குது?” என்று கேட்கிறார்கள். ஆள்தான் மாறுகிறதே தவிர, தவறு மாறுவதில்லை.

மதர்போர்டுக்கு அடியில் ஸ்டாண்ட்-ஆஃப் போட மறப்பது, ஃபேனைத் தலைகீழாக மாட்டுவது போன்றவற்றை எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை செய்தால் தானே புரியும். காசைக் கரைக்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

பொருள் கைக்கு வரும் முன் தகடு வெட்டுவது

எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுவது இதுதான். பெட்டியின் கொள்ளளவுக்கு முதலிலேயே மனதில் ஒரு லிட்டர் கணக்கு வந்துவிடுகிறது. “பத்து லிட்டருக்குள் முடிக்கணும்.” யார் கேட்டார்கள்? மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ், 170க்கு 170 மில்லிமீட்டர். கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ், சின்னதான எஸ்எஃப்எக்ஸ் ரகம், 125 அகலம், 100 நீளம், 63.5 உயரம். கிராபிக்ஸ் கார்டின் அளவு கம்பெனி தளத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து, பக்கத்தில் பக்கம் அடுக்கி, நடுவில் இருக்கும் இடத்தையெல்லாம் கசக்கிப் பிழிந்து, கோப்பைத் துவாக்குடிக்கு லேசர் கட்டிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். கார்டு இன்னும் கூரியரில்கூட ஏறியிருக்காது.

ஒரு தம்பியின் பெட்டியைச் சொல்கிறேன். மதர்போர்டும் கார்டும் முதுகோடு முதுகாக நிற்கும் சாண்ட்விச் அமைப்பு. உள் உயரம் 180 மில்லி. கார்டின் உயரம் 137 என்று போட்டிருந்தது. அடியில், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் கேபிளின் தலைக்கு 20. ஆக 157. “மேலே 23 மில்லி சும்மா கிடக்குதே அண்ணே, இன்னும் குறைச்சிருக்கலாம்” என்று வருத்தம் வேறு. அந்த 23 மில்லியில்தான் கார்டுக்குக் கரண்ட் தரும் கேபிள் வந்து இறங்கவேண்டும். அது 16 பின் கேபிள். இணைப்பிலிருந்து குறைந்தது 35 மில்லி நேராக வந்த பிறகே வளைக்கச் சொல்கிறார்கள் கேபிள் செய்பவர்கள். மேல் மூடியைப் போட்டு அமுக்கினால் கேபிள் வேரிலேயே மடங்கியது. அமுக்கி ஸ்குரூ போட்டுவிடலாம் என்றான். விடவில்லை. 2022-இல் என்விடியாவின் 4090 கார்டுகளின் 16 பின் இணைப்புகள் உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. பிளக் முழுதாக உட்காராததே காரணம் என்று என்விடியா சொன்னது. மூடி அழுத்திக்கொண்டே இருக்கும் பிளக், ரயிலில் குலுங்கிக் குலுங்கி எத்தனை நாள் முழுதாக உட்கார்ந்திருக்கும்?

தகடு வெட்டியாயிற்று, மடித்தாயிற்று, பவுடர் கோட்டிங்கும் முடிந்தது. இனி உயரத்தைக் கூட்ட வழியில்லை. மொத்தத்தையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டான்.

கம்பெனி தளத்தில் போட்டிருப்பது பொருளின் அளவு. நமக்கு வேண்டியது, பொருளோடு அதன் கேபிளும், அந்தக் கேபிளை மாட்டிக் கழற்றும் விரலும் சேர்ந்த அளவு. சில கம்பெனிகள் கார்டின் நீளத்தைப் பின்பக்க பிராக்கெட்டை விட்டுவிட்டுச் சொல்கின்றன. எஸ்எம்பிஎஸ்ஸின் 100 மில்லிக்கு முன்னால் கேபிள் கற்றை புடைத்து நிற்கும். சிபியூ கூலரின் 37 மில்லிக்கு மேலே காற்று இழுக்க இடம் வேண்டும்.

அடுத்தது மடிப்புக் கணக்கு. 1.5 மில்லி தகட்டை, உள்வளைவும் 1.5 இருக்கும்படி 90 டிகிரி மடித்தால், வெளி அளவுகளை அப்படியே கூட்டி வெட்டிய துண்டு ஏறத்தாழ இரண்டரை மில்லி நீண்டுவிடும். ‘ப’ வடிவத்தில் இரண்டு மடிப்பு என்றால் ஐந்து மில்லிக்கு மேல். துளைகள் எதுவும் எதோடும் பொருந்தாது. கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மடிப்புக்குக் கழிச்சீங்களா தம்பி?” என்றுதான் முதலில் கேட்டார். எந்த மென்பொருளையும் பார்க்காத மனிதர். உங்களுக்கு மடித்துத் தரப்போகிறவரிடம் அதே தகட்டில் ஒரு துண்டை மடித்துத் தரச் சொல்லி வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். மெஷினுக்கு மெஷின் வளைவு மாறும். அலுமினியம் என்றால் 5052 ரகம் கேளுங்கள், நன்றாக மடியும். 6061 டி6 மடிப்பிலேயே விரிசல் விடும்.

சரி, என்னதான் செய்வது? பொருள் எல்லாம் வரட்டும். டிவி வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, முழுப் பெட்டியையும் ஒருமுறை அட்டையில் செய்யுங்கள். கேபிள்களையும் மாட்டி, மூடியைப் போட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்து பாருங்கள். எங்கெல்லாம் அட்டை புடைக்கிறதோ அங்கெல்லாம் உங்கள் வரைபடம் பொய் சொல்கிறது. பெட்டி 330க்கு 160க்கு 220 என்றால் 11.6 லிட்டர். உயரத்தில் 15 மில்லி கூட்டினால் 12.4. தூக்கிப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

வெளிநாட்டு ரிவியூவின் சூட்டை நம்புவது

அவர்கள் சோதிக்கும் அறை 21, 22 டிகிரியில் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர் மாடி அறை ஏசி இல்லாமல் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். அறையின் சூடு எவ்வளவு ஏறுகிறதோ ஏறத்தாழ அவ்வளவு சிப்பின் சூடும் ஏறும். அங்கே 80 காட்டிய பெட்டி இங்கே 95 காட்டும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலான சிப்களுக்கு 95தான் எல்லை, அதைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்னொரு ஃபேனுக்கு இடம் தேடுவதற்கு முன் பயாஸில் ஈகோ மோடைப் போட்டு 65 வாட்டில் ஓட்டிப் பாருங்கள். கேமில் அநேகமாக வித்தியாசமே தெரியாது. கார்டுக்கும் பவர் லிமிட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். கார்டின் ஃபேனுக்கு நேரே இருக்கும் பக்கத் தகடு முழுக்கத் துளையாக இருக்கவேண்டும். அந்த இடத்தில் கண்ணாடி போட்டு அழகு பார்க்க நம் ஊர் வெயில் இடம் தராது.

ரைசர் கேபிளில் சிக்கனம்

மலிவான ஜென் 3 (பிசிஐஇ இணைப்பின் மூன்றாம் தலைமுறை) கேபிளில் ஜென் 4 கார்டை மாட்டிவிட்டு, படம் வரவில்லை, கார்டு போச்சு என்று கடைக்கு ஓடுவார்கள். பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3 என்று மாற்றினால் அநேகமாகப் படம் வந்துவிடும்.

பெரிய ஆபத்து ஸ்குரூவில் இருக்கிறது. என்இசட்எக்ஸ்டி கம்பெனி தன் எச்1 கேபினெட்டை 2021-இல் திரும்பப் பெற்றது. ரைசரைக் கேபினெட்டோடு பிடிக்கும் இரண்டு உலோக ஸ்குரூ, உள்ளே போர்டில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்பு இருந்ததே காரணம். முதலில் நைலான் ஸ்குரூ அனுப்பிப் பார்த்தார்கள், கடைசியில் ரைசரையே மாற்றினார்கள். பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. உங்கள் ரைசர் போர்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நைலான் வாஷர் போட்டாயிற்றா, ஸ்குரூ தலை எந்தச் செம்புக் கோட்டின் மேலாவது உட்கார்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் எடுப்பது

அறுபது டிகிரியில் இளகும். மே மாதம் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் போதும். ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் வாங்குங்கள்.

பெயிண்ட் அடித்துவிட்டு எர்த்தை மறப்பது

பவுடர் கோட்டிங் கரண்டைக் கடத்தாது. எஸ்எம்பிஎஸ் உட்காரும் இடத்திலும், தகடும் தகடும் சேரும் இடத்திலும் பெயிண்ட் இருந்தால் ஒவ்வொரு தகடும் தனித் தீவு. ஒரு வயர் தோலுரிந்து அதில் பட்டால் ஃபியூஸ் போகாது, நமக்குத்தான் ஷாக். அந்த இடங்களுக்குப் பெயிண்டுக்கு முன்பே டேப் ஒட்டச் சொல்லுங்கள். விட்டுப்போனால் ஸ்குரூவின் அடியில் சுரண்டுங்கள். பிறகு மல்டிமீட்டரை எடுத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பீப் சத்தம் கேட்டுப் பாருங்கள்.

பெட்டி சரியாக இருந்தாலும் வீடு சரியாக இருக்கவேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. அங்கே மாட்டினால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகப் பெட்டியில் 230 வோல்ட்டில் பாதி அளவு மிதக்கும். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று தொட்டால் சுருக்கென்று இருக்கும். “கம்ப்யூட்டர்ல லேசா கரண்ட் வருது, பரவாயில்லை” என்கிறார்கள். பரவாயில்லை இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: கோட்டிங் முடிந்த பிறகு இரும்புத் தகட்டில் துளை போடாதீர்கள். உப்புக் காற்றுக்கு அந்த விளிம்பு போதும், துரு அங்கேயிருந்து பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும்.

ஃபில்டர்

தூசியைத் தடுக்க அறுவடைக் காலத்தில் தேவை. கழற்றிக் கழுவ முடியாதது வேண்டாம்.

கைப்பிடியை மூடியில் மாட்டுவது

கைப்பிடி உள்சட்டத்தில் பிடிக்கவேண்டும். கழற்றக்கூடிய மூடியில் மாட்டினால், ஒருநாள் மூடி கையில் இருக்கும், கம்ப்யூட்டர் எழும்பூர் பிளாட்ஃபாரத்தில் இருக்கும். 1.5 மில்லி தகட்டில் நேரே மரை வெட்டி எம்3 ஸ்குரூ போடுவதும் இதே ரகம். எம்3 மரையின் இடைவெளி 0.5 மில்லி, ஆக மூன்று சுற்றுதான் பிடிக்கும். நாலைந்து முறை கழற்றி மாட்டினால் வழுவழுவென்று ஆகிவிடும். தகட்டில் ரிவெட் போல இறுகும் ரிவெட் நட் போடுங்கள். கார்டின் வால் பக்கத்துக்கும் ஒரு தாங்கி வேண்டும், ஒரே பிராக்கெட்டில் தொங்கவிட்டால் ரயிலும் பஸ்ஸும் ஸ்லாட்டைப் பிய்த்துவிடும்.

பொருள்களை உள்ளே வைப்பதற்கு முன் ஒரு சோதனை. கம்ப்யூட்டரின் எடையைப் போல இரண்டு மடங்கு அரிசியைப் பையில் கட்டிக் காலிப் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பிடியைப் பிடித்து மாடிப்படியில் ஏறி இறங்குங்கள், நடுவில் ஓரிரு முறை வெடுக்கென்று தூக்குங்கள். பிறகு ஸ்குரூக்களைத் தொட்டுப் பாருங்கள். எது தளர்ந்திருக்கிறதோ அங்கே தகட்டுக்கு அடியில் இன்னொரு பட்டை வைத்து ரிவெட் அடியுங்கள்.