பாஸ்வேர்டை மாற்றியும் போகாத திருடன்

என் மின்னஞ்சல் கணக்கில் யாரோ நுழைந்திருப்பது தெரிந்ததும் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்தேன். அப்படியும் வங்கி மெயில்கள் வரவில்லை. செட்டிங்ஸில் ஃபில்டர் பகுதியைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வங்கியிலிருந்து வருவதை வேறொரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, இங்கே அழித்துவிடும்படி ஒரு விதி போட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு மாறினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பலரும் அந்தப் பக்கமே போவதில்லை; தயவுசெய்து போய்ப் பாருங்கள்.

அதை நீக்கினேன். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு முகவரியிலும் அவர்களுடையது இருந்தது, அதையும் எடுத்தேன். பிறகு, பாஸ்வேர்டோடு ஒரு ரகசிய எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டேன். அந்த எண்ணை எஸ்எம்எஸ்ஸில் பெறுவதைவிட, 30 விநாடிக்கு ஒருமுறை புது எண்ணைப் போனிலேயே காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலியே மேல். நம் பெயரில் யாராவது ஏமாற்றி சிம் வாங்கினாலும், செயலி காட்டும் எண் அவர்களுக்குக் கிடைக்காது. போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.