‘டிக்’ சத்தத்தை நம்பாதீர்கள்: பழைய கார் ரிலேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாதம் திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் காரை நிறுத்தினோம். மதியம் 2 மணி, மண்டையைப் பிளக்கும் வெயில். பத்து நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பின்சீட்டில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. நாலு கதவையும் பானட்டையும் திறந்து போட்டு அரை மணி நேரம் மரநிழலில் உட்கார்ந்தோம். அப்புறம் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஊர் திரும்பியதும் பட்டறையில் காட்டினேன். “பெட்ரோல் பம்ப் போயிடுச்சு சார்” என்றார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பம்பை மாற்றினேன். இரண்டு வாரத்தில் அதே மாதிரி ஒரு மதியம், அதே கோளாறு. கடைசியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, தீப்பெட்டி அளவு இருந்த ரிலேயை (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) கழற்றி, மூடியை நெம்பி எடுத்தார். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, “அந்த ஈயப்பொட்டைப் பாருங்க” என்றார். சர்க்யூட் போர்டில் பின் வந்து சேரும் இடத்தில், பொட்டைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வளையம். அவ்வளவுதான். குளிர்ந்திருக்கும்போது அந்த விரிசல் ஒட்டிக்கொண்டு நிற்கும். சூடு ஏறினால் விலகிவிடும், பம்புக்கு மின்சாரம் போகாது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புது ஈயம் வைத்தார். ஐந்து நிமிட வேலை.

இது என் காருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1990களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் இருந்த மெயின் ரிலேயின் ஈய விரிசல் உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த சங்கதி. வெயிலில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஆகிவிடும் என்பதுதான் அதன் அடையாளமே.

இதில் முதல் தவறு என்னுடையதுதான். சூட்டில் மட்டும் வந்து, ஆறினால் போய்விடும் கோளாறு என்றால் பம்பை மாற்றும் முன் ரிலேயைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. கார்களில் (கார்புரேட்டர் இல்லாமல், கணினி கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் வகை) சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து பம்ப் இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்று உறுமி அடங்கும். ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்திலேயே காதைத் தீட்டிக் கேளுங்கள். கார் ஆறிய பிறகு பட்டறைக்கு ஓட்டிப்போனால் எல்லாமே சரியாக இருக்கும், அங்கே அவர்களாலும் ஊகிக்கத்தான் முடியும்.

சரி, இப்போது தலைப்பில் சொன்ன ‘டிக்’ சத்தத்துக்கு வருவோம்.

ரிலே என்பது ஒரே டப்பாவுக்குள் இரண்டு வேலைக்காரர்கள். ஒருவர் காயில்: செப்புக் கம்பி சுற்றிய சின்ன மின்காந்தம். 12 வோல்ட் ரிலேயில் இதன் தடை பெரும்பாலும் 70 முதல் 100 ஓம் வரை இருக்கும், இழுக்கும் கரண்ட் 0.2 ஆம்பியருக்கும் குறைவு. இன்னொருவர் காண்டாக்ட்: வெள்ளிக் கலவையில் செய்த இரண்டு பொட்டுகள். காயில் இழுக்கும்போது அவை ஒன்றோடொன்று மோதி 20, 30 ஆம்பியரைக் கடத்தும். நாம் கேட்கும் ‘டிக்’, காயில் இழுத்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பொட்டுகள் கருகிப்போயிருந்தாலும் அதே ‘டிக்’தான் வரும். “சத்தம் வருது சார், ரிலே நல்லா இருக்கு” என்று சொல்லி அடுத்த பாகத்துக்குத் தாவுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகமாக நடக்கும் தவறு.

பின்களின் எண்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐரோப்பிய முறையில் 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம், 87 என்பது விளக்குக்கோ மோட்டாருக்கோ போகும் வழி, 85-ம் 86-ம் காயிலின் இரண்டு முனைகள். பல ஜப்பானிய ரிலேக்களில் 1, 2, 3, 5 என்று இருக்கும். எது எது என்று மூடியின் மேல் சின்னதாகப் படம் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 85-க்கும் 86-க்கும் நடுவே, வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரை வைக்கவும். ஸ்விட்சைப் போட்டதும் 12 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் ரிலே நிரபராதி: ஃபியூஸ், ஸ்விட்ச், எர்த், இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) பக்கம் தேட வேண்டும். இங்கே பலர் மீட்டரின் கறுப்பு முனையைக் காரின் பாடியில் வைத்து அளக்கிறார்கள். அப்படி அளந்தால் காயிலின் எர்த் ஒயர் துருப்பிடித்து அறுந்திருப்பது தெரியவே தெரியாது. இரண்டு பின்களுக்கு நடுவேதான் அளக்க வேண்டும்.

காயிலுக்கு மின்சாரம் வருகிறது என்றால் அடுத்தது காண்டாக்ட். ஃபேனோ ஹெட்லைட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாக்கெட்டின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசி முனையைச் செருகி 30-க்கும் 87-க்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல ரிலே. அரை வோல்ட் என்றால் சந்தேகம். ஒரு வோல்ட் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். 15 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரு வோல்ட் இழந்தால் அந்தச் சின்ன டப்பாவுக்குள் 15 வாட் சூடு. ரேடியோ பழுது பார்ப்பவர் கையில் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதில் பாதிக்கு மேற்பட்ட சூட்டைப் பிளாஸ்டிக் மூடிக்குள் அடைத்து வைத்தால் என்ன ஆகும்?

அந்த அளவை எதுவும் ஓடாத நேரத்தில் எடுத்துப் பயனில்லை. நூலிழை போல ஒரே ஒரு கம்பி மிச்சமிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12.6 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். பழைய பாணி பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் இந்த விஷயத்தில் நேர்மையானது, பலவீனமான ஒயரில் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இ.சி.எம். ஒயர்களில் அதைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர்கள் அந்தப் பல்பு இழுக்கும் கரண்டைத் தாங்காது.

மீட்டரே கையில் இல்லையா? அதே எண் போட்ட இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பல கார்களில் ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒன்றாகவே இருக்கும். இடம் மாற்றியதும் கோளாறும் கூடவே இடம் மாறினால் விடை கிடைத்துவிட்டது. எண்ணைப் பார்க்காமல், உருவம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மாற்றிப் போடுவதில்தான் ஆபத்து.

சாக்கெட்டைப் பார்க்காமல் ரிலேயை மட்டும் மாற்றுவது இன்னொரு தவறு. புது ரிலே ஆறு மாதத்தில் போய்விட்டது, டூப்ளிகேட் பொருள் என்று கடைக்காரரோடு சண்டை போடுவோம். அதற்கு முன் ரிலேயைப் பிடுங்கிச் சாக்கெட்டின் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக உருகியிருந்தால் அந்தப் பின் அங்கே தளர்ந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி சூட்டில் தன் இறுக்கத்தை இழந்திருக்கும். எத்தனை புது ரிலே போட்டாலும் அது கடிக்காது, சுட்டுக்கொண்டேதான் இருக்கும். கவ்வியையும் ஒரு சாண் ஒயரையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுவதுதான் வழி. கடற்கரை ஊர்களில் இதோடு பச்சைப் பாசி மாதிரி துருவும் சேர்ந்துகொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற சென்னைக் கார்களை இன்றும் வாங்கி விற்கிறார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும் கார் என்றால், வாங்கும் முன் ஒரு ரிலேயையாவது கழற்றிப் பின்களின் நிறத்தைப் பாருங்கள்.

கடையில் நாலு பின் ரிலே என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். கையோடு பழையதைக் கொண்டுபோய், மூடி மேல் இருக்கும் படத்தையும் எண்ணையும் ஒப்பிட்டு வாங்குங்கள். லாரிக்கான 24 வோல்ட் ரிலேயும் அதே அச்சில்தான் இருக்கும். காரில் போட்டால் பெரும்பாலும் இழுக்காது. சில ரிலேக்களில் 30-ம் 86-ம் இடம் மாறியிருக்கும். உருவம் ஒன்று, உள்வழி வேறு. ஐந்து பின் ரிலேயில் நடுப் பின் இன்னொரு 87-ஆகவும் இருக்கலாம், 87ஏ-ஆகவும் இருக்கலாம். 87ஏ என்பது ரிலே ஓய்வில் இருக்கும்போது மின்சாரம் வரும் பின். 87 இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போட்டால், காரை அணைத்துவிட்டுப் போன பிறகு ஏதோ ஒன்று இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

சில ரிலேக்களுக்குள் இருக்கும் டயோடின் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) சங்கதி இன்னும் நுணுக்கமானது. காயிலுக்கு மின்சாரம் நிற்கும் கணத்தில் அதிலிருந்து நூறு வோல்ட்டுக்கும் மேலே ஒரு மின்னழுத்தம் எதிர்த்து அடிக்கும். அதை விழுங்கத்தான் உள்ளே ஒரு ரெசிஸ்டரோ டயோடோ வைத்திருக்கிறார்கள். இ.சி.எம். இயக்கும் ரிலேயின் இடத்தில் இந்தத் தடுப்பு இல்லாத மலிவு ரிலேயைப் போட்டால், ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அந்த அடி இ.சி.எம். மீது விழலாம். டயோடு உள்ள ரிலேயில் காயிலின் பாசிட்டிவும் எர்த்தும் மாறிவிட்டால் டயோடே ஷார்ட் ஆகும்.

பெட்ரோல் பம்ப் ரிலேயை ஒயரால் நிரந்தரமாக இணைப்பதைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. “ரிலே கிடைக்கலை சார், டைரக்டா கொடுத்துட்டேன், ஓடுது” என்பார்கள். ஓடும்தான். ஆனால் அந்த ரிலே வெறும் ஸ்விட்ச் இல்லை. விபத்தில் இன்ஜின் நின்றால், சில நொடிகளில் பம்பை நிறுத்துவதும் அதே ரிலே வழியாகத்தான். நேரடியாக இணைத்த காரில் குழாய் அறுந்தாலும், சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும், சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில். சோதனைக்காக 30-ஐயும் 87-ஐயும் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயரால் சில நொடி இணைத்துப் பார்க்கலாம், தப்பில்லை. இதனால் பம்ப் ஓடினால் ரிலேயோ அதன் கட்டுப்பாடோ கெட்டிருக்கிறது என்று பொருள். பார்த்ததும் ஒயரை எடுத்துவிடுங்கள். யார் காரிலாவது அது நிரந்தரமாக இருந்தால், இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

ஃபேன் ரிலே அடிக்கடி போகிறதென்றால், குற்றவாளி பெரும்பாலும் ஃபேன் மோட்டார். புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து இறுகிய மோட்டார் வழக்கத்தைவிட அதிகக் கரண்டை இழுக்கும். தொடங்கும் கணத்தில் எந்த மோட்டாரும் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும், பழுதான மோட்டார் இன்னும் மோசம். அந்தத் தாக்குதலில் பொட்டுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஃபேன் நிற்காமல் ஓடி, காலையில் பேட்டரி இறங்கியிருக்கும். ஒட்டாமல் கருகினால் டிராஃபிக்கில் இன்ஜின் சூடேறும். இதற்குத் தீர்வாக 40 ஆம்பியர் ரிலேயும் பெரிய ஃபியூஸும் போடுகிறார்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. ஃபியூஸைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது ஒயர்தான்.

ஹெட்லைட்டிலும் இதே கதை. 60/55 வாட் (ஹை பீம் 60, லோ பீம் 55) பல்பு இரண்டும் லோ பீமில் சேர்ந்து 9 ஆம்பியர் சுமாருக்கு இழுக்கும். 100/90 வாட் போட்டால் ஹை பீமில் 16 ஆம்பியரைத் தாண்டும். பழைய மாருதி 800, அம்பாசிடர் போன்ற கார்களில் ஹெட்லைட் கரண்ட் முழுக்க ஸ்டியரிங் பக்க ஸ்விட்ச் வழியாகவே போகும். அதில் ரிலே சேர்ப்பது உண்மையிலேயே நல்ல வேலை, வெளிச்சம் கூடும், ஸ்விட்சும் பிழைக்கும். ஆனால் பேட்டரியிலிருந்து வரும் புது ஒயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். ரிலேக்குப் பக்கத்தில் ஃபியூஸை வைத்துவிட்டு, நடுவே இரண்டடி ஒயரைக் காவலில்லாமல் விடுகிறார்கள். அந்த இரண்டடிதான் பானட் ஓரத்தில் உரசி எரியும்.

இண்டிகேட்டர் வேகமாகத் துடித்தால் உடனே பிளாஷரை (அதைத் துடிக்கவைக்கும் ரிலே) மாற்றாதீர்கள். ஒரு 21 வாட் பல்பு போயிருக்கும், அல்லது எல்.இ.டி. பல்பு போட்டிருப்பீர்கள். கருகிய பொட்டை உப்புத்தாளால் தேய்ப்பது வீடு போய்ச் சேர உதவும், அதற்கு மேல் இல்லை: வெள்ளிக் கலவை தேய்ந்து போய்விட்டால் மறுபடி இன்னும் வேகமாகக் கருகும்.

மாற்றிய பழைய ரிலேயைக் குப்பையில் போடும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். பொட்டுகள் கறுத்து, குழி விழுந்து மட்டும் இருந்தால் அது வயதின் அடையாளம், புது ரிலே போதும். பொட்டுகள் உருகி ஒரு குமிழாகியிருந்தால் அதன் பின்னால் இருக்கும் மோட்டாரையோ பல்பையோ பாருங்கள். பொட்டுகள் பளிச்சென்று இருந்து, ஒரு பின்னின் அடி மட்டும் நீலமாகியிருந்தால் சாக்கெட். எல்லாமே புதிதுபோல இருந்தால், உள்ளே சர்க்யூட் போர்டு இருக்கும் வகைதானா என்று பார்த்துப் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு ஈயப்பொட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மயிரிழை வளையம் நேராகப் பார்த்தால் தெரியாது.