சமயத்தில் இழுக்கிறது, சமயத்தில் இழுக்கவில்லை: பழைய டர்போ காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோவாளைத் தம்பி ஒருவர் ஆடி மாதம் என்னிடம் வந்தார். பழைய டர்போ பெட்ரோல் கார் (டர்போ என்றால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் விசிறி). "போகும்போ பறக்குண்ணே, வரும்போ இழுக்கவே இல்ல" என்றார். டர்போவை மாற்றச் சொல்லிவிட்டார்களாம், பணத்துக்கு ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. எங்கே போகும்போது என்று கேட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே காவல்கிணறு.

ஆனி, ஆடியில் அந்தக் கணவாயில் மேற்கிலிருந்து கிழக்கே காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. காற்று 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். 100இல் போகிற காருக்கு எதிர்க்காற்றில் 140இன் தடை, பின்காற்றில் 60இன் தடை. தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், இரண்டுக்கும் இடையே ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் வருகிறது. வேறொரு நாள், காற்றில்லாத விடிகாலையில், அதே சாலையில் இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்தோம். வண்டியில் ஒரு குறையும் இல்லை.

முதல் தவறு இதுதான்: 'எப்போது' என்று கேட்காமல் 'எது' என்று கேட்பது. எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், இன்ஜின் சூடா குளிரா, மழைக்குப் பிறகா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். டர்போவின் தண்டு தேய்ந்திருந்தால் அது நாள் பார்த்துப் படுக்காது. புகை வரும், எண்ணெய் குறையும், சத்தம் மாறும், தினமும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கும். வந்து வந்து போகிற குறைக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு குழாய், ஒரு வால்வு, ஒரு கனெக்டர். நான் டர்போவைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன்.

குறையே இல்லாத வித்தியாசமும் உண்டு. காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். மார்த்தாண்டம் நெரிசலில் நடுப்பகலில் அரைமணி நேரம் ஊர்ந்து வந்தால் டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரே கொதித்துக் கிடக்கும். இன்ஜினில் தட்டல் வராமலிருக்க இசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், அதனால் வண்டி மந்தமாகும். பத்து நிமிடம் தாராளமாக ஓடியபின் வேகம் திரும்பி வந்தால் கவலை வேண்டாம்.

அடுத்து ஸ்கேனர். பி 0299 என்ற பிழைக் கோட் வந்தால், பூஸ்ட், அதாவது டர்போ ஊதும் அழுத்தம், குறைவு என்று பொருள். ஏன் குறைவு என்று அது சொல்வதில்லை. கோட் வந்த உடனே சென்சார் வாங்க ஓடுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது போல. கோட் எண்ணைப் பார்த்ததோடு விடாமல் ஓடும்போது வரும் எண்களைப் பதிவு செய்யுங்கள். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் வந்த 1.8 லிட்டர், 20 வால்வு, 150 குதிரைத்திறன் இன்ஜினை எடுத்துக்கொண்டால், விசிடிஎஸ் என்ற ஸ்கேனர் மென்பொருளில் 115ஆம் குழுவில் இசியூ கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அங்கேயும் பலர் ஏமாறுகிறார்கள். அந்த எண் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம். கடலோரத்தில் 1000 மில்லிபார் என்றால் பூஸ்ட் பூஜ்யம். 1500 என்றால் அரை பார்தான், ஒன்றரை அல்ல.

கேட்டதைவிடக் கிடைத்தது தொடர்ந்து குறைவாக இருந்தால் கசிவையோ, சரியாக மூடாத வேஸ்ட்கேட்டையோ (மிச்சப் புகையை டர்போவுக்குள் விடாமல் வெளியே விடும் கதவு) பாருங்கள். கேட்டதைத் தாண்டிக் குதித்து, உடனே வண்டி செத்துப்போய், சாவியை அணைத்துப் போட்டதும் உயிர் வந்தால் அது ஓவர்பூஸ்ட். இசியூ தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. வேஸ்ட்கேட் சிக்குகிறதா, அதைக் கட்டுப்படுத்தும் என்75 வால்வும் அதன் சிறு குழாய்களும் சரியா என்று பாருங்கள். இந்த இரண்டு நிலைகளையும் குழப்பிக்கொண்டால் வேலை முழுக்கத் தலைகீழாகப் போகும்.

கசிவு தேடுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஐடிலில் வண்டியை நிறுத்தி, ஸ்ப்ரே அடித்து, "லீக் இல்ல" என்று பானெட்டை மூடிவிடுகிறார்கள். ஐடிலில் இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது, மிதிக்கும்போதோ டர்போ ஊதுகிறது. இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்க்கூடு) உள்ள ஓட்டை ஐடிலில் கணக்கில் வராத காற்றை உள்ளே விடும், அதனால் கலவை மெலியும். அதே ஓட்டை பூஸ்ட்டில் கணக்கிட்ட காற்றை வெளியே விடும், கலவை தடித்துச் சைலன்சரில் கரி படியும். த்ராட்டிலுக்கு (காற்றுக்கு வழி திறந்து மூடும் தகடு) முன்னால் உள்ள இன்டர்கூலர் குழாயில் விரிசல் என்றால் ஐடிலில் ஒன்றுமே தெரியாது. எண்ணெய் ஊறி மெத்தென்றாகிவிட்ட பழைய ரப்பர், சூட்டிலும் அழுத்தத்திலும்தான் வாய் திறக்கும்.

அதற்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். டர்போவின் வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடி, அதில் ஒரு டயர் வால்வு, ஒரு ஹோஸ் கிளிப். கோட்டாறு பைப் கடையில் கிடைக்கிற சாமான்தான். இன்ஜினின் அடிக்கூட்டு (கிராங்க்கேஸ்) ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிரீதர் குழாயை முதலில் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் காற்று கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளும். 10 பிஎஸ்ஐ போதும். டயருக்கு அடிக்கிற மாதிரி 30 ஏற்றினால் மூடி பறந்து முகத்தில் அடிக்கும். சோப்புத் தண்ணீர் தடவி, கிளிப் மாட்டிய இடங்களையும் குழாய்களின் அடிப்பக்கத்தையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நான் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்றேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் டைவர்ட்டர் வால்வு (த்ராட்டில் மூடும்போது மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிடுவது), என்75, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் மூன்றையும் மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது, பிறகு பழையபடி. கடைசியில் மேனிஃபோல்டுக்குக் கீழே, கை நுழையாத இடத்தில், ஒரு பிரீதர் குழாய் கிழிந்திருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஏர்ஃப்ளோ சென்சாரை வாங்கும் முன் முழு த்ராட்டிலில் அது காட்டும் அளவையாவது பார்த்திருக்கலாம். 150 குதிரைத்திறன் இன்ஜின் உச்சத்தில் விநாடிக்கு சுமார் 120 கிராம் காற்று இழுக்க வேண்டும். எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டர் போட்டவர்கள் இதை முதலில் பார்ப்பது நல்லது, அந்த எண்ணெய் சென்சாரில் படியலாம்.

ஃப்யூவல் ட்ரிம் (இசியூ எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐந்து, ஏழு சதவீதம் பிளஸ்ஸில் இருக்கிறது என்று பதறுபவர்களுக்கு: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் அது இயல்பு. அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவைப்படுகிறது. 15, 20 என்று போனால் கசிவையும் பம்பையும் பாருங்கள். டேங்கில் பெட்ரோல் கால்வாசியாகும்போது மட்டும் முக்கினால் பம்ப் பக்கம் போங்கள்.

குறை தெரியாமலே பூஸ்ட் கன்ட்ரோலர் போட்டு ஏற்றுவது, இசியூவின் நிரலை மாற்றி ரீமேப் செய்வது இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஓட்டை வழியாகப் போகிற காற்றை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழன்று, நல்ல டர்போவும் போய்விடும்.

முட்டம், குளச்சல் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் கனெக்டர் முனைகள் பச்சை பூக்கும். மழைக்காலத்தில் மட்டும் பூஸ்ட்டில் வெட்டி வெட்டி இழுத்தால் இக்னிஷன் காயில், ப்ளக், எர்த் வயர் மூன்றையும் பாருங்கள். பூஸ்ட்டில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், ஐடிலில் தப்பிக்கிற பலவீனமான பொறி அங்கே அணைந்துவிடும். ப்ளக் இடைவெளி 0.8 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் புது ப்ளக் போடுங்கள். கனெக்டர் முனைகளைக் கத்தியால் சுரண்டாதீர்கள், முலாம் போய்விடும். கான்டாக்ட் க்ளீனர் அடித்து, காயவிட்டு மாட்டி, இன்ஜின் ஓடும்போது வயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது ஓட்டம் மாறினால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு இன்ஜினை அணையுங்கள்.