பாறை கட்டிங்ல வத்தாத தண்ணி: என் அனுபவம்

தொப்பூர் பக்கம் ரயில் லைன் வேலை, பாறைய வெட்டுன பள்ளத்துல தண்ணி நிக்குது. 10 எச்பி மோட்டார் ராத்திரி பகலா ஓடியும் முழங்கால் அளவு கொறையவே இல்ல. ஊத்துன்னு நெனச்சு வெடிப்புல சிமெண்ட் பால் அடிச்சோம், ஒரு எடத்துல அடைச்சா பக்கத்துல கசியுது. பெரிய மோட்டார் போட்டா தண்ணியும் வேகமா வருது, அதான் எனக்கு டவுட்டு.

பாலக்கோட்டுல கெணறு வெட்டுற அண்ணன் ஒருத்தரு எட்டிப் பாத்துட்டு, "ஊத்துத் தண்ணியில ஏது சார் டீசல் வாசம்?"னாரு. பாத்தா கசியுற தண்ணி மேல கலர் கலரா எண்ணெ படலம். பள்ளத்துல டீசல் கலந்து, நாம மேல எறைச்ச தண்ணியேதான் திரும்பி வருது! ஓஸ் முனை கட்டிங் மேல இருக்குற கேட்ச் வாட்டர் டிரெயின்ல (மேட்டுல இருந்து வர்ற மழைத்தண்ணி பள்ளத்துல எறங்காம தடுக்குற கால்வாய்) கெடந்துச்சு, அது வெறும் மண்ணு, பூச்சு கெடையாது, அங்க விடுற தண்ணி பாறை வெடிப்பு வழியா திரும்பக் கீழயே எறங்குது. கன்ஃபர்ம் பண்ண மேல சொட்டு நீலம் ஊத்துனோம், சாயந்தரம் கீழ நீலமா கசிஞ்சுது.

அப்புறம் என்ன, டிரெயினுக்கு காங்கிரீட் போட்டு, எண்ணெய வடிச்சிட்டு ஓஸை கட்டிங்க தாண்டி சரிவுக்கு அந்தப்பக்கம் நீட்டியாச்சு. சிமெண்ட் அடிச்ச எடத்துக்குப் பின்னாடி தண்ணி அழுத்தம் சேரக்கூடாதுன்னு, அங்கங்க 75 எம்எம் ஓட்டை வெளிப்பக்கம் சரிவா போட்டு பிவிசி பைப் சொருகிட்டோம். பெரிய மோட்டார திருப்பி அனுப்பியாச்சு, வாடகை மிச்சம்.